கீழே உள்ள எட்டு மாடிகள்

அறிவிப்பு வந்த நேரத்தில் கண்டக்டரம்மா தோளில் ஈர விரிப்பும் பல்லிடுக்கில் இரண்டு கிளிப்புமாக மொட்டைமாடிப் படியில் காலெடுத்து வைத்திருந்தார். சீருடை போட்டாகிவிட்டது. முதல் வண்டி கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வாசலில் நின்ற பியூன் கையெழுத்துக் கேட்டார். வாயில் கிளிப் இருந்ததால் எதற்கு என்று கேட்க முடியவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சீட்டுக் கிழித்தவர் அவர். தன் சீட்டை ஒருவர் கிழிக்க வந்திருக்கிறார் என்பது உடனே உறைக்கவில்லை.

விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வந்து காகிதத்தைக் கணவரிடம் கொடுத்தார். கணவர் பெயின்டர். உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிப்பவர். எட்டு மாதத்துக்கு முன்பு சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து கீழறைக் கட்டிலே கதி என்றிருக்கிறார். வாசிப்பதற்கு அவருக்கு நேரம் நிறைய இருந்தது. உரக்க வாசித்தார்.

"தங்கள் இல்லத்து மொட்டைமாடியில் உலர்த்தப்படும் வெண்ணிறத் துணியின் பிம்பம், ஆணையத்துக்குச் சொந்தமான பிரதிபலிப்புத் தடாகத்தினுள் தினசரி காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை முன் அனுமதியின்றி நுழைந்து தங்கிச் செல்வது கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி பிம்பத்தை ஏழு தினங்களுக்குள் அகற்றிக்கொள்ளுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது."

"என்னங்க அது?"

"நம்ம விரிப்பு அவங்க குளத்துல விழுந்து கிடக்காம். போய் எடுத்துட்டு வந்துடு. மடிச்சு வெச்சுக்கலாம்."

அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், நகர மேம்பாட்டு ஆணையத்தின் எட்டு மாடித் தலைமையகம் இருந்தது. கட்டடத்துக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் முன்பு மனுப்போட வருகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சில மாதங்களுக்கு முன்னால் மரங்களை வெட்டிவிட்டுக் கறுப்புக் கல் பாவி, ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். அதற்கு மீன் கிடையாது, படிக்கட்டு கிடையாது, அதில் கை கழுவவும் கூடாது. கட்டடத்தைத் தலைகீழாகக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

ஒரே ஒரு கோளாறு. குளம் என்பது எதிரே உள்ளதைக் காட்டும். தெருவில் நிற்பவருக்குக் கட்டடம் தெரிந்தது. கட்டடத்தில் இருப்பவருக்குத் தெரு தெரிந்தது. மூன்றாம் மாடியில் இருந்த ஆணையத் தலைவர், தன் தலைமையகத்தின் அழகைப் பருகலாம் என்று ஆசையோடு ஜன்னலைத் திறந்த முதல் நாளே, தண்ணீருக்குள் ஒரு படுக்கை விரிப்பு காற்றில் ஆடுவதைப் பார்த்தார்.

மறுநாள் கண்டக்டரம்மா வேலை முடிந்து நேரே ஆணையத்துக்குப் போனார். வாயிலில் இருந்த காவலாளி, இலை அரிக்கும் நீண்ட வலையொன்றைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்திருந்தார். உதட்டில் விரல் வைத்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"அதிர்வு," என்று காவலாளி கிசுகிசுத்தார். "வேகமா நடந்தா தண்ணி சுருங்குது."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குளத்தின் ஓரமாக, எழவு வீட்டுக்குள் போகிறவர்போல நடந்து கவுண்டரை அடைந்தார். நான்கு கவுண்டர்களும் மூடியிருந்தன. மேலே ஒரு பலகை தொங்கியது: சலனம் உள்ளது. மனுக்கள் பெறப்படமாட்டா.

அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு மாதமாகக் கடையைத் திறக்க முடியாத சைக்கிள் கடைக்காரர் விளக்கிச் சொன்னார். தடாகம் அசையும்போது மனு வாங்கினால் ஆட்கள் போக வர இன்னும் அசையுமாம். அதனால் அது முழுதாக அடங்கிய பிறகுதான் கவுண்டர் திறக்குமாம்.

"எப்போ அடங்கும்?"

"நான் வந்து இருபத்தி ரெண்டு நாளாச்சும்மா. காத்து நிக்கணுமே."

கண்டக்டரம்மா விடவில்லை. அறிவிப்பில் கையெழுத்திட்ட அதிகாரியைத் தேடி முதல் மாடிக்கு ஏறினார். கதவில் 'அசைவின்மைப் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த பிரிவு அலுவலரை அலுவலகத்திலும் தெருவிலும் சலனம் என்றே அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

"உக்காருங்கம்மா. நாற்காலியை இழுக்க வேண்டாம், சலனம். துணி உங்களோடது. அதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா பிம்பம் விழற இடம் எங்களோடது."

"சார், என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். தினமும் விரிப்பை அலசி வெயில்ல காயப்போடணும். ஈரத்துல படுத்தா முதுகு புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். எங்களுக்கு வெயில் படற ஒரே இடம் மொட்டைமாடிதான்."

"தாராளமாக் காயப்போடுங்க. பிம்பம் வராம காயப்போடுங்க."

"அது எப்படி சார்? என் பஸ்ல ஏறின ஆளுக்குத்தான் நான் டிக்கெட் போடறேன். அவரோட நிழலுக்கு டிக்கெட் போடறதில்லையே."

சலனம் அனுதாபத்தோடு சிரித்தார். "நிழல் வேறம்மா, பிம்பம் வேற. நிழலுக்கு நாலாவது மாடி. அவங்க கொஞ்சம் கெடுபிடி. எங்ககிட்ட வந்தது உங்க நல்ல நேரம்."

நேரில் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கண்டக்டரம்மா அழைத்தார். அது அவர் செய்த தவறு. நான்கு நாளில் சலனமும் இரண்டு உதவியாளர்களும் அளவு நாடாவோடு வந்தார்கள். கீழறையில் படுத்திருந்த பெயின்டரை அவர்கள் பார்க்கவில்லை. நேரே மொட்டைமாடிக்கு ஏறி விரிப்பின் நீளம், அகலம், கொடியின் உயரம் எல்லாம் அளந்தார்கள். பிறகு சலனம் தற்செயலாகத் திரும்பினார்.

கட்டடம் எட்டு மாடியும் நேராக நின்றது. அதன் கீழே இன்னொரு எட்டு மாடி தலைகீழாகத் தொங்கியது. அந்த நகரத்தில் அந்தக் காட்சி முழுதாகத் தெரியும் இடம் அந்த மொட்டைமாடி ஒன்றுதான். சலனத்தின் கண் கலங்கியது. உதவியாளர்கள் மாறி மாறி அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

"எவ்வளவு நாளாம்மா இதைப் பாக்கறீங்க?"

"துணி காயப்போட வரப்போ கண்ணுல படும் சார். தினம்தான்."

"தினமுமா," என்றார் சலனம். உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது அறிவிப்பு மூன்றாம் நாள் வந்தது. ஆணையத்தின் வடிவமைப்பை உரிய அனுமதியின்றி நீண்டகாலமாக ரசித்து வந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். கூடவே இடைக்கால ஏற்பாடாக ஒரு சலுகையும் இருந்தது. விசாரணை முடியும்வரை வானத்தின் நிறத்திலுள்ள துணிகளை மட்டும் உலர்த்திக்கொள்ளலாம். அன்றன்றைய வானத்தின் நிறம் காலை பத்து மணிக்குத் தலைமையக வாயிலில் அறிவிக்கப்படும்.

பெயின்டர் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். இடுப்பு வலித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா கலர் கலக்கறேன். வானத்துக் கலரை எவனாலயும் கலக்க முடியாது. பத்து மணிக்கு ஒண்ணு, பத்தரைக்கு ஒண்ணு. பத்து மணிக்கு அறிவிச்சா பத்தே காலுக்குத் தப்பு."

கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. அரசாங்கக் காகிதத்துக்குப் பயப்படுகிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். வேலையும் அரசுப் பேருந்தில். வம்பு வேண்டாம் என்று விரிப்பை உள்ளேயே, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாற்காலிகளின் முதுகில் காயப்போட ஆரம்பித்தார். காய்ந்ததுபோல இருந்தது. கையை வைத்து அழுத்தினால் குளிர்ந்தது. இருப்பதே நான்கு விரிப்பு. வேறு வழியில்லாமல் அதையே போட்டார்.

பன்னிரண்டாம் நாள் இடுப்பைப் பார்க்க வந்த நர்ஸ், பெயின்டரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கண்டக்டரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். முதுகின் கீழ்ப்பக்கம், எலும்பு முட்டும் இடத்தில், கட்டைவிரல் அளவுக்குத் தோல் சிவந்து வழன்றிருந்தது.

"இவ்வளவு நாள் சுத்தமா வெச்சிருந்தீங்களே அக்கா. என்ன ஆச்சு?"

பெயின்டர் சுவரைப் பார்த்தபடி, "ஒண்ணும் எரியல. விடு," என்றார். எரிகிறது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

அன்றைக்கே நான்கு விரிப்பையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசி, மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், இருந்த கொடி போதாமல் இன்னொரு கொடி கட்டி, நான்கையும் வரிசையாக விரித்துவிட்டுத்தான் கண்டக்டரம்மா கீழே வந்தார். குனிந்து எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலில் யார் நின்றார், நின்றவர் முகம் எப்படிப் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மாலையில் வேலை முடிந்து வந்தபோது மொட்டைமாடிக் கதவில் ஒரு புதுப் பூட்டும், பூட்டின்மேல் அரக்கு முத்திரையும் இருந்தன. விரிப்புகள் நான்கும் கதவுக்கு அந்தப் பக்கம், வெயிலிலேயே சிக்கிக்கொண்டிருந்தன.

"நீ இல்லாதப்போ வந்தாங்க," என்றார் பெயின்டர். "நான் கத்தினேன். படுத்துக்கிட்டே கத்தினா யாருக்குக் கேக்கும்."

கண்டக்டரம்மா படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பயமாக இருக்கிறதா என்று தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டதுபோல இருந்தது. இல்லை. பயம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு விரிப்பு வாங்கி வந்து கணவருக்குப் போட்டுவிட்டு, முத்திரையை அகற்றக் கோரி ஒரு மனு எழுதினார். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சீருடையிலேயே ஆணையத்துக்குப் போனார்.

அன்றும் பலகை தொங்கியது. ஆனால் அன்று ஆணையத்தில் வேறு பரபரப்பு. சிறந்த நீர் வடிவமைப்புக்கான விருதுக்குத் தடாகம் பரிந்துரைக்கப்பட்டு, மூன்று பேர் கொண்ட நடுவர் குழு பார்வையிட வந்திருந்தது. விருதுக்கான படிவத்தில் 'பொதுமக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம் இருந்தது கடைசி நேரத்தில்தான் சலனத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. பொதுமக்களுக்கு எங்கே போவது என்று அவர் தவித்தபோது, கவுண்டர் முன்னால் நாற்பது பேர் சும்மா நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எல்லாரையும் செருப்போடு வரவேற்றுத் தெருப்பக்கக் குளக்கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கைதட்ட வேண்டிய இடங்களைச் சைகையால் காட்டுவதாகவும், மெதுவாகத் தட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

தலைவர் எழுந்தார். கரையில் நின்று, தண்ணீரை நோக்கிப் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், இந்தக் குளத்தால் என்ன பயன் என்று. பயன் இருந்தால் அது தொட்டி. பயன் இல்லாததால்தான் அது வடிவமைப்பு." சலனம் சைகை காட்டினார். நாற்பது பேர் பஞ்சைத் தட்டுவதுபோலத் தட்டினார்கள்.

"முன்பெல்லாம் ஆணையம் மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பழைய நிர்வாகம். இன்று ஆணையம் தன்னையே பார்த்துக்கொள்கிறது. சுயபரிசோதனை என்பார்கள். அதைத் தண்ணீரில் செய்து காட்டிய முதல் நிறுவனம் நாம்தான். எட்டு மாடியாக இருந்த தலைமையகம் இன்று பதினாறு மாடி. ஆண்டறிக்கையில் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறோம். மனு பெறும் கவுண்டர்கள் நான்கிலிருந்து எட்டாக உயர்ந்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி, பொதுமக்கள் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது."

நடுவர்களில் ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எட்டு கவுண்டரா?" என்று கேட்டார்.

"எட்டு," என்றார் தலைவர். "மேலே நான்கு. கீழே நான்கு."

கண்டக்டரம்மா எழுந்து நின்றார். சலனம் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அது கைதட்டும் சைகைபோல இருந்ததால் இரண்டு பேர் தட்டினார்கள்.

"சார், ஒரு சந்தேகம். மேல இருக்கற கவுண்டர் நாலும் மூடியிருக்கு. கீழ இருக்கறது தொறந்திருக்கா?"

தலைவர் நடுவர்களைப் பார்த்தார். மூன்று பேரும் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்கள். மூடியிருக்கிறது என்று ஒரு தலைவர் எப்படிச் சொல்வார்.

"ஆணையத்தின் எல்லாக் கவுண்டர்களும் பொதுமக்களுக்காக எப்போதும் திறந்தே இருக்கின்றன."

"அங்க வரிசை இல்லையே சார்?"

"எந்த வரிசையும் இல்லை."

"அப்ப சரி," என்றார் கண்டக்டரம்மா. சீருடைப் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். மனுவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

கறுப்புக் கல் வழுக்கியது. ஓடும் வண்டியில் பத்தொன்பது வருஷம் கைப்பிடியில்லாமல் நின்ற கால்கள், நிலைதடுமாறவில்லை. அவர் ஓரடி வைக்க, எட்டாம் மாடி சுருங்கியது. இன்னொரு அடிக்கு ஏழும் ஆறும் கலைந்தன. மூன்றாம் மாடியை அவர் மிதித்துக் கடந்தபோது கரையில் நின்ற தலைவர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் கவுண்டரின் பிம்பம் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, குனிந்து, மனுவை நீட்டினார்.

"மொட்டைமாடிக் கதவை முத்திரை போட்டிருக்காங்க. அதை எடுக்கணும். என் வீட்டுக்காரர் முதுகுல புண் வந்திருக்கு," என்று தண்ணீரிடம் தெளிவாகச் சொன்னார். காகிதத்தை விட்டார். அது மிதந்தது.

திரும்பிப் பார்த்தால் சைக்கிள் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டு வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்த ஒரு புருஷன் பொண்டாட்டி. அதற்குப் பின்னால் தெருவிளக்குக்காக அலையும் ஒரு டீச்சர். நெரிசல் என்று வந்ததும் கண்டக்டரம்மாவின் குரல் தானாக எழுந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க. வாசல்லயே நிக்காதீங்க. நடுவுல எடம் இருக்கு. டீச்சரம்மா, அந்தக் கவுண்டர் காலி, அங்க போங்க. பெரியவரே, என் தோளைப் பிடிச்சுக்குங்க."

தண்ணீரில் கால் வைக்கும் ஊழியர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார் என்பது சலனமே எழுதிய விதி. அதனால் அவர் கரையோரமாகவே முன்னும் பின்னும் ஓடினார். ஓடியதில் தண்ணீர் இன்னும் ஆடியது.

"வலையைப் போடு," என்று காவலாளியிடம் கத்தினார்.

காவலாளி வலையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "சார், இது இலைக்கான அளவு," என்றார். பிறகு யோசித்துவிட்டு வலையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவருக்கும் இரண்டு வருஷமாக ஒரு வீட்டுமனை மனு இருந்தது. வாயில் காவலாளி ஒப்பந்தக்காரரின் ஆள், ஊழியர் இல்லை. விதி அவரைத் தொடாது. இறங்கினார்.

கட்டடத்தின் பதினாறு மாடியில் எட்டு அன்று முழுக்க இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நடுவர் குழு 'பொதுமக்கள் பங்கேற்பு' என்ற அந்த ஒரு கட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டு, விருதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. 'குடிமக்கள் நேரடியாக நீரில் இறங்கி மனு அளிக்கும் முன்மாதிரி ஏற்பாடு' என்று பாராட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். விருதை மறுக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை. விருதை ஏற்றால் ஏற்பாட்டையும் ஏற்க வேண்டும். ஏற்பாட்டை ஏற்றால் அந்த நாற்பத்தொரு மனுக்களையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஆணையத்தின் சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை வெகுநாளாக யாரும் புரட்டவில்லை.

முதலில் சாக்கடை அடைப்பு எடுக்கப்பட்டது. பதினாறாம் நாள் சலனமே வந்து அரக்கு முத்திரையை உடைத்தார். கையோடு ஒரு படிவமும் கொண்டுவந்திருந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. தடாகத்துக்குச் சலனம் ஏற்படுத்தினதுக்கு வருத்தம் தெரிவிக்கறதா. போட்டீங்கன்னா அந்த ரெண்டு அறிவிப்பும் முடிஞ்சுபோச்சு."

"போடலைன்னா?"

"நடவடிக்கை தொடரும். எத்தனை வருஷம் ஆகும்னு சொல்ல முடியாது. நானே ரிட்டயர் ஆயிடுவேன்."

கண்டக்டரம்மா இந்த முறை பேனாவைத் தொடும் முன் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். 'வருத்தம் தெரிவிக்கிறேன்' என்ற வரியை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேல், 'தினமும் காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை என் வீட்டு மாடியில் என் வீட்டுத் துணி காயும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்படி எழுதக் கூடாதும்மா."

"எழுதியாச்சே சார். பெற்றுக்கொண்டேன்னு ஒரு முத்திரை வெச்சுக் குடுங்க."

சலனம் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்தார். மாடிக்கு வந்து படம் எடுத்துக்கொண்ட அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, வைத்தார். அந்த வாரமே தலைவர் தன் அறையைக் கட்டடத்தின் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர் தெரியும். அது அசையாது.

புண் ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. கொஞ்சம் உட்காரலாம், வெயில் படட்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாள், சைக்கிள் கடைக்காரரும் காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் பெயின்டரை நாற்காலியோடு தூக்கி மொட்டைமாடியில் வைத்தார்கள். கண்டக்டரம்மா கொடியில் விரிப்பை உதறிப் போட்டார். பெயின்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரே நின்ற கட்டடத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரில் இருந்ததையும் பார்த்தார்.

"இங்க வா," என்றார். "அஞ்சாவது மாடி, இடப்பக்கம். உப்புப் பூத்து உரியுது பாரு. பிரைமர் அடிக்காமலே மேல் கோட்டு அடிச்சிருக்கானுங்க. அடுத்த மழைக்குள்ள தட்டுத் தட்டா விழும். கீழ ஜனங்க நடக்கற எடம்."

கண்டக்டரம்மா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஆமாம், உரிந்துகொண்டுதான் இருந்தது.

"எழுதிக் குடுத்துடலாமா?"

"பேப்பர் எடுத்துட்டு வா," என்றார் பெயின்டர். "பெருசா எடுத்துட்டு வா. ஏழாவது மாடியிலயும் இருக்கு."